கோட்டுக்குக் கீழே ஒரு பெயர்

வரதராஜன்பேட்டை மிக்கேல் வீட்டில் சிஸ்டரம்மா படுக்கையில் விழுந்து இன்றோடு நூற்றுப் பதினெட்டு நாள்.

இடையில் சில வாரம் விட்டுப்போனவர்களுக்காக இரண்டு வரி. சிஸ்டர் இன்னாசிமேரி, மிக்கேலின் அக்கா. நாற்பத்தொரு வருடம் பிரான்சில் ஒரு மடத்தில் வயதானவர்களுக்குச் சேவை செய்தவர். தம்பியைப் பார்க்க ஒரு மாத விடுப்பில் வந்தார். வந்த பதினோராம் நாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். உயிர் மிஞ்சியது. தமிழ் மிஞ்சவில்லை.

பேசினால் பிரெஞ்சு மட்டும்தான். சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். நாம் தமிழில் பேசினால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் யாரிடமோ பேசுவதைப் பார்ப்பது போல நம்மைப் பார்க்கிறார்.

பக்கத்து ஊர் மடத்தில் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். மிக்கேல் விடவில்லை.

"எங்க அக்கா எங்க வூட்டுலயே இருக்கட்டும்."

இருந்தார். ஆனால் தினமும் எதையோ கேட்டு அழுதார். என்ன கேட்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போனை வாயருகே பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார்கள். கோணிய வாயிலிருந்து வரும் பேச்சு போனுக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை, 'வெண்ணெயை உருக்கி வாத்தின் மேல் ஊற்றவும்' என்று வந்தது.

அன்றைக்குத்தான் மருமகள் சுகன்யா மேரி நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். வயது முப்பத்தாறு. வீடியோ பார்த்து, பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்க ஆரம்பித்தாள்.

மூன்று மாதத்தில் தண்ணீர், வலி, குளிர், போதும் எல்லாம் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். நடந்து முடிந்ததைச் சொல்லும் சொற்கள். சிஸ்டரம்மா பேசுவதோ முழுக்க நடந்து முடிந்ததை.

பெரும்பாலான வினைச்சொற்கள் ஒழுங்கான பிள்ளைகள். வாலை மட்டும் மாற்றிக்கொள்ளும், முகம் அதே முகம். அறுபது எழுபது மட்டும் அடங்காதவை. பெற்றவர் முகம் துளிகூட இருக்காது. 'மெத்ர்' என்றால் வை. வைத்தேன் என்பதற்கு வெறும் 'மி'. சிஸ்டரம்மா 'மி, மி' என்று அழும்போது அகராதியில் எங்கே போய்த் தேடுவது?

அதனால் அந்த அறுபதையும் சத்தத்தை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

நவம்பர் ஒன்று, காலை ஏழரை மணி. நைட் ஷிப்ட் முடிந்து ஆலத்தியூர் சிமெண்டு ஆலையிலிருந்து பைக்கில் வந்த கணவன் பெனடிக்ட், முகத்துத் தூசியைக்கூடக் கழுவாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தான். தினமும் அவன்தான் கேள்வி கேட்பான்.

"லீர்?"

"லு. படிச்சேன்."

"புவார்?"

"பு. குடிச்சேன்."

"வுவார்?"

"வு. பார்த்தேன்."

"என்னடி இது, நாய்க்குட்டியக் கூப்புடற மாதிரியே இருக்கு. லு லு, பு பு."

"கேளுங்க பேசாம. இட்லி ஆறுது."

"உவ்ரீர்?"

"உவேர். தொறந்தேன்."

"மெத்ர்?"

சுகன்யா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"மூணு நாளா இதுலயே கவுந்துக்கிட்டு இருக்கே. ஏழாங்கிளாஸ் புள்ளைவ பார்த்தா சிரிக்கும்."

"மி! மி. வச்சேன்."

"மூரீர்?"

"மோர்," என்றாள். "செத்துட்டார்."

"அது மட்டும் டக்குனு வருது பாரு."

"அது மறக்கற வார்த்தையா? வைங்க நோட்டை. நல்ல நாளும் அதுவுமா."

நல்ல நாள்தான். சகல புனிதர் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். தெருவே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. சுண்ணாம்பு வாளியும் செவ்வந்திப் பூவுமாகப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். மிக்கேலும் விடியற்காலையே போய் மனைவியின் கல்லறைக்கு வெள்ளை அடித்துவிட்டு வந்திருந்தார். எழுபத்து நாலு வயது. இரண்டு கண்ணிலும் புரை. பாதிச் சுண்ணாம்பு பக்கத்துக் கல்லறையில் விழுந்திருந்தது.

வந்ததும் சட்டைப் பையிலிருந்து கோயில் கவரை எடுத்து சுகன்யாவிடம் நீட்டினார்.

"இந்த வருசம் நீதான் எழுதணும் ஆயி. எனக்கு எழுத்து தெரியல."

கவருக்குள் இருப்பது, கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க ஒவ்வொரு வீடும் தன் வீட்டு இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கும் தாள். எல்லா வீட்டுத் தாளிலும் பெயர்கள் மட்டும் இருக்கும். மிக்கேல் வீட்டுத் தாளில் பெயர்களுக்குக் கீழே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு பெயர். சவரிநாதன்.

மூத்த மகன். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை. அந்த நேர்ச்சையைச் சொல்லிக்கொடுத்ததே சிஸ்டரம்மாதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சாமியார் படிப்புக்குக் குருமடத்துக்கு அனுப்பினார்கள். நாலாம் வருடம், எனக்கு இது வராது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். மிக்கேல் வாசலிலேயே மறித்தார். 'சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கற குடும்பம் இது இல்ல. இந்தப் படியை மிதிக்காதே.' அவன் மிதிக்கவில்லை. பத்தொன்பது வருடம் ஆயிற்று.

சொன்ன ஆறாம் மாதமே மிக்கேல் தேட ஆரம்பித்துவிட்டார். பிரான்சுக்குப் போன் போட்டு அக்காவிடம் அழுதார். 'உனக்காவது எழுதுனானா?' இல்லை என்றார் அக்கா. பிறகு வருடா வருடம் இந்தக் கோடு. செத்தவர்களோடு சேர்க்க மாட்டார். விடவும் மாட்டார். கோட்டுக்குக் கீழே பெயர், பக்கத்தில், 'சுகமாகத் திரும்பி வர'.

"சாயந்தரம் எழுதறேன் மாமா," என்று கவரை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள் சுகன்யா.

பதினொரு மணிக்கு ஃபாதர் அடைக்கலசாமி நற்கருணை கொண்டு வந்தார். திருநாள் என்றால் நோயாளிகள் வீட்டுக்கு வருவார். போன வாரம் சிஸ்டரம்மாவின் மூச்சு மாறியதைப் பார்த்து, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப் பூசுதலுக்கும் எண்ணெய் எடுத்து வந்திருந்தார்.

அவர் குனிந்ததும், நல்லாயிருந்த வலது கையால் சிஸ்டரம்மா அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"கொன்ஃபெஸ்ஸே," என்றார். "கொன்ஃபெஸ்ஸே."

அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. நூற்றுப் பதினெட்டு நாளும் அழுதது இதற்குத்தானா என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"பாவசங்கீர்த்தனம் பண்ணணுமாம் சாமி," என்றார் மிக்கேல். "பாருங்க, எங்க அக்காவுக்கு என்ன பாவம் இருக்கப்போவுது!"

"எனக்கு பிரெஞ்சு தெரியாதே. பாண்டிச்சேரியில ஒரு பெரியவர் இருக்கார். அவரும் படுத்த படுக்கை."

"போன்ல ஸ்பீக்கர் போட்டுருவோம் ஃபாதர்," என்றான் பெனடிக்ட்.

"பாவசங்கீர்த்தனம் என்ன கஸ்டமர் கேராப்பா? போன்ல செல்லாது. நேர்லதான்."

ஃபாதர் எண்ணெய்ச் சிமிழைக் கீழே வைத்தார். பிறகு சுகன்யாவைப் பார்த்தார்.

"உனக்கு எவ்வளவு புரியும்?"

"மெதுவாச் சொன்னா... பாதி ஃபாதர். அதுக்கு மேல இல்ல."

"மொழிபெயர்ப்பாளர் வச்சிக்கலாம்னு சட்டம் இருக்கு. ஆனா, அவங்க சம்மதிக்கணும். இன்னொண்ணு. என்னைக் கட்டுற ரகசியம் உன்னையும் கட்டும். புருசன்கிட்ட, மாமனார்கிட்ட, சாவற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சாடைகூட காட்டக்கூடாது. முடியுமா?"

சுகன்யா கதவுப் பக்கம் திரும்பினாள். ஆனால் கட்டிலில் கிடந்தவர் பட்டையை விட்டு இப்போது அவள் முந்தானையைப் பிடித்திருந்தார். மூன்று மாதமாகக் கழுவித் துடைத்த உடம்பு அது.

"முடியும் ஃபாதர்."

மிக்கேலும் பெனடிக்டும் வெளியே போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

சிஸ்டரம்மா மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். ஒரு மூச்சுக்கு மூன்று சொல். அதுவே சுகன்யாவுக்கு வசதியாக இருந்தது. ஒவ்வொன்றையும் தமிழில் ஃபாதர் காதருகே சொன்னாள்.

"லெட்டர் வந்துச்சு... மூணு லெட்டர்."

பிறகு உவேர். பிறகு லு.

"தொறந்தேன். படிச்சேன்."

காலையில் அடுப்படியில் ஒப்பித்த சொற்கள் ஒவ்வொன்றாகக் கட்டிலிலிருந்து வந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. பரீட்சையில் படித்த கேள்வியே வந்தது போல ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"யார் எழுதுனது?" என்றார் ஃபாதர்.

அவள் கேட்டாள். சிஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"சவரி."

சந்தோஷம் அங்கேயே செத்தது.

அதற்குப் பிறகு சிஸ்டரம்மாவால் நிறுத்த முடியவில்லை. இவளுக்கும் புரியாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வரலாமா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று அவன் இரண்டு முறை எழுதியிருக்கிறான். வீடு இல்லை என்றால் குருமடத்துக்குத் திரும்புவான் என்று சிஸ்டரம்மா நம்பியிருக்கிறார். அப்பா உன்னைப் பார்க்க விரும்பவில்லை என்று பதில் எழுதியிருக்கிறார். மிக்கேல் அதே மாதத்தில் போனில் அழுதிருக்கிறார். அவரிடம் கடிதமே வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் பொய்.

மூன்றாவது கடிதத்தை எழுதியது சவரி இல்லை. சூரத்தில் அவனோடு தங்கியிருந்த ஒருத்தர்.

"மோர்," என்றார் சிஸ்டரம்மா.

தப்பாகக் கேட்டிருக்கக் கூடாதா என்று சுகன்யா மறுபடி கேட்டாள். "சவரி? மோர்?"

"வுய். மோர்." வருடத்தையும் சொன்னார். இரண்டாயிரத்துப் பத்து. காய்ச்சல். அங்கேயே அடக்கம்.

நேரில் சொல்லத்தான் விடுப்பு எடுத்து வந்தாராம். பத்து நாள் வாய் வரவில்லையாம். பதினோராம் நாள் வாயே போய்விட்டது.

கடைசியாக, கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். "வலீஸ்... மி."

பெட்டியில வச்சேன். மூன்று நாளாகத் தடுக்கிய சொல் இந்த முறை தடுக்கவில்லை.

ஃபாதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தம்பிகிட்ட சொல்லச் சம்மதமானு கேளு. அவங்க சரின்னா சொல்லலாம்."

சுகன்யா தெரிந்த சொற்களை எல்லாம் பொறுக்கி ஒரு வாக்கியம் கட்டினாள். மிக்கேலிடம் நான் சொல்லலாமா?

சிஸ்டரம்மா அவள் விரலை நொறுங்கும்படி பிடித்தார். "நோன். நோன். மிக்கேல், நோன்."

மறுபடி கேட்டாள். மறுபடியும் அதுதான். மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தபோது ஃபாதர் கையைத் தொட்டுத் தடுத்தார்.

பாவமன்னிப்பு கொடுத்தார். எண்ணெய் பூசினார். அவர் சிலுவை போட்டு முடிக்கும்போதே சிஸ்டரம்மாவின் முகம் தளர்ந்தது. கோணியிருந்த வாய்கூடக் கொஞ்சம் நேரானது போலிருந்தது. தூங்கிவிட்டார். ஜூலை மாதத்திலிருந்து அப்படி ஒரு தூக்கம் அந்த வீடு பார்க்கவில்லை.

வெளியே மிக்கேல் செருப்பில்லாமல் முற்றத்தில் நின்றார்.

"சாமி?"

"நிம்மதியா இருக்காங்க. இன்னைக்கோ நாளைக்கோ, ஆண்டவர் சித்தம்." ஃபாதர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "மடத்து சிஸ்டருங்க கேட்டாங்க. அடக்கத்துக்கு அவங்களோட திருநாள் அங்கி வேணுமாம். பெட்டியிலதான் இருக்கும்னு சொ..."

சொல்லி வாயை மூடினார். எந்தப் பெட்டி என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. சுகன்யாவும் நிமிர்ந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

பெட்டி நூற்றுப் பதினெட்டு நாளாகக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. மூன்று எண் பூட்டு. பெனடிக்ட் ஆரம்பத்திலேயே உடைக்கிறேன் என்றான். மிக்கேல் கையை ஓங்கிவிட்டார். 'கன்னியாஸ்திரி பெட்டியை ஆம்பளை கை தொடுறதா? அது கோயில் பீடம் மாதிரிடா.' தூசி துடைப்பதற்குக்கூட சுகன்யாதான் நகர்த்த வேண்டும். அந்த மரியாதைதான் இத்தனை நாள் கடிதங்களைக் காப்பாற்றி வைத்திருந்தது.

"அடக்கத்துக்குன்னா தொறந்துதானே ஆவணும்," என்றார் மிக்கேல். "பெனடிக்கு, உடைக்காத. நம்பரைத் திருப்பிப் பாரு. அக்கா பெட்டி, உடையக் கூடாது."

ஃபாதர் நற்கருணைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேகமாகப் போனார். வாசலைத் தாண்டும்போது சுகன்யாவிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தடுக்கவும் முடியாதும்மா. அதுவும் சாடைதான்."

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் பெனடிக்ட் வந்து நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்."

"கேக்காதீங்க."

"சவரி அண்ணனைப் பத்தி ஏதாச்சும்..."

"கேக்காதீங்கன்னு சொன்னேன்ல!"

"அப்ப ஏதோ இருக்கு."

பேசாமல் இருப்பதும் பதில்தான் என்று பயந்து, "குழம்புச் சட்டிய எடுங்க," என்றாள். அதுவும் பதில் போலவே இருந்தது.

"மூணு மாசமா தூங்காம கொள்ளாம நோட்டைத் தூக்கிட்டு அலைஞ்ச. நான்தானே கேள்வி கேட்டேன்? எனக்கு ஒரு வார்த்தை கெடையாதா?"

"படிக்காமலே இருந்திருக்கலாம்ங்க," என்றாள் சுகன்யா. அதற்கு மேல் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பெனடிக்ட் சட்டியை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனான். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியைக் கூடத்துக்கு இழுத்தான். பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு 'டிக்'. பிறகு பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம். பிறகு அடுத்த 'டிக்'.

நாலரை மணிக்கு மிக்கேல் கவரை எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். ஐந்து மணிக்குள் கோயிலில் கொடுக்க வேண்டும்.

"எழுது ஆயி. மொதல்ல எங்கப்பா. ராயப்பன்."

எழுதினாள்.

"எங்கம்மா, செபஸ்தியம்மாள். அப்புறம் உன் மாமியா."

எழுதினாள். சித்தப்பா, சின்ன வயதில் போன தங்கச்சி, முந்திரிக் காட்டில் பாம்பு கடித்துச் செத்த மச்சான். ஒவ்வொரு பெயருக்கும் மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டார். ஆறு பெயர் ஆயிற்று.

ஏழாவது வரி காலியாக இருந்தது. கோடு போடுமுன் அந்த வரியில் அவன் பெயரை எழுதினால்? பெரியவருக்குக் கண் தெரியாது. பதினைந்து வருடமாக ஒருவரும் அவனுக்காக இளைப்பாற்றி செபம் சொல்லவில்லை. ஒரு பூசையாவது அவனுக்குக் கிடைக்கும். பேனா அந்த வரியில் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது.

நாளை ஊர் நடுவில், பூசையில் சத்தமாக வாசிப்பார்கள். மிக்கேலுக்குக் கண்தான் தெரியாது. காது நன்றாகக் கேட்கும்.

"கோடு போட்டியா?"

"இதோ போடறேன் மாமா."

"ஸ்கேல் வச்சுப் போடு. கோணிடப் போவுது. சாமி வாசிக்கறப்ப குழம்பி, செத்தவங்களோட சேர்த்துப் படிச்சுடக் கூடாது."

ஸ்கேல் வைத்துப் போட்டாள். நேரான கோடு.

"சவரிநாதன். வயசு... இப்ப நாப்பத்திரண்டு இருக்குமில்ல? தலை நரைச்சிருக்கும் அவனுக்கு. எங்க வம்சமே அப்படித்தான்."

"எழுதிட்டேன் மாமா."

"சுகமாகத் திரும்பி வர. அதையும் எழுது."

எழுதினாள். 'திரும்பி' என்ற சொல்லில் மை கலங்கியது. தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

மிக்கேல் விரலால் தாளைத் தடவி, கோட்டைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே விரலை வைத்தார்.

"அழுத்தி எழுதும்மா. எல்லாத்தையும் விட இது பெருசாத் தெரியணும்."

அவள் அதே எழுத்துகளின் மேல் மறுபடி பேனாவை ஓட்டினாள்.

கட்டிலில் சிஸ்டரம்மா அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் பெனடிக்ட் களைத்துப்போன குரலில் எண்ணிக்கொண்டிருந்தான்.

"முந்நூத்து எழுவத்தெட்டு... முந்நூத்து எழுவத்தொம்பது..."

டிக். இழுத்துப் பார்க்கும் சத்தம்.

டிக்.